18446744073709551617: கையாலேயே பிரித்துக் காட்ட வழி உண்டா?

நண்பர்களே, இரண்டு நாளாக இந்த எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2-இன் 64-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. பகா எண் இல்லை. 274177 × 67280421310721 என்று பிரியும். கணினி நொடியில் சொல்லிவிட்டது, ஆனால் எனக்கு வேண்டியது காரணம்.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவை ஃபெர்மா எண்கள். இந்த வரிசையில் இதற்கு முந்தையது 4294967297, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1. அது 641-ஆல் வகுபடும் என்று கணித மேதை ஆய்லர் 1732-இல் காட்டினார். 641 = 5×128+1; அதே 641 = 625+16. இரண்டையும் சேர்த்தால் நாலே வரியில் நிரூபணம் முடிகிறது. அவ்வளவு அழகு!

274177 = 1071×256+1 என்பதுவரை வந்துவிட்டேன். 1071 = 1024+32+16−1 என்றும் எழுதலாம்; அதில்தான் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது. 641-க்கு வாய்த்ததுபோல் இதற்கும் இன்னொரு வடிவம் உண்டா? நீள் வகுத்தல் இல்லாமல் காட்டத் தெரிந்தவர்கள் ஒரு வரி துப்பு கொடுத்தாலும் போதும், மிச்சத்தை நானே போட்டுப் பார்க்கிறேன்.