சுவருக்குள் ஜாயிண்டே இல்லாமல் ஒரு தண்ணீர் லைன்: பெக்ஸ் பைப் அனுபவங்கள்

வள்ளியூர் பக்கத்திலிருந்து:

எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. அப்பா காலத்து ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெட்டிப் பார்த்தால் முக்கால் இஞ்சு துளையில் ஒரு பேனாதான் நுழையும். மிச்சமெல்லாம் துருவும் உப்பும். குளியலறைச் சுவர் ஊற ஆரம்பித்ததும் வந்த பிளம்பர், "அண்ணாச்சி, ஏதோ எல்போலதான் கசியுது. எதுன்னு ஒடச்சாத்தான் தெரியும்" என்றார். எல்போ என்றால் பைப் திரும்பும் மூலையில் போடுகிற ஜாயிண்ட். உடைத்தோம். டைல்ஸ் வேலைக்கு ஆன செலவு பைப் வேலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அப்போதுதான் பெக்ஸுக்கு மாறினோம். இது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்தான், ஆனால் மூலக்கூறுகள் குறுக்கே பிணைக்கப்பட்டிருப்பதால் சூட்டில் எளிதில் இளகாது. சுருளாக வரும், மூலைக்கு மூலை எல்போ தேவையில்லை. மேனிஃபோல்டு என்று ஒரு பித்தளைக் கட்டையை ஓரிடத்தில் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் தனி லைன் இழுத்துவிட்டார்கள். நடுவில் ஜாயிண்டே கிடையாது. வாஷ்பேசினில் வேலை என்றால் அந்த வால்வை மட்டும் அடைத்தால் போதும், அடுப்படியில் தண்ணீர் நிற்காது. துரு இல்லை, சரி. உப்பு எங்கேயும் போய்விடவில்லை. ஷவர் கண் இன்னமும் அடைக்கத்தான் செய்கிறது.

பாளையங்கோட்டையில் பிளம்பிங் வேலை பார்ப்பவர்:

மேலே சொன்னது உண்மை. சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பில் ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருக்க வேண்டும். பெக்ஸில் வளையத்தை மாட்டி, கிரிம்ப் டூலால் ஒரு அழுத்து, முடிந்தது. ஆனால் அழுத்தியதும் கேஜ் (வளையம் சரியாக இறுகியதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் சுவரைப் பூசவிடாதீர்கள். அரைகுறையாக அழுத்திய வளையம் பிரஷர் ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும். பைப்பை ஒரேயடியாக மடக்கவும் கூடாது. வளைவின் ஆரம், வெளிவிட்டத்தைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்காவது இருக்கட்டும், 16 மி.மீ. பைப்புக்குப் பத்து, பதிமூன்று செ.மீ.

இன்னொன்று, மொட்டை மாடிக்கு இது ஆகவே ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் பெக்ஸ் நாளடைவில் நொறுங்கும். நம் ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்! டேங்கிலிருந்து இறங்கும் லைனுக்குக் கரி கலந்த கறுப்பு ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பைப் போடுங்கள், வீட்டுக்குள் வந்ததும் பெக்ஸைத் தொடங்குங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

எலியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! எங்கள் வீட்டை ஒட்டியே வயல். அறுப்பு முடிந்தால் எலிகள் வீட்டுக்குள் குடியேறிவிடும். அடுப்படி சிங்குக்குக் கீழே வெளியே தெரிந்த பைப்பைக் கடித்து, விடிவதற்குள் தரையெல்லாம் வெள்ளம். இப்போது வெளியே தெரிகிற இடமெல்லாம் இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறோம். சுவருக்குள்ளும் கொஞ்சம் பெரிய உறைக்குழாயைப் பதித்து, அதற்குள் பெக்ஸை இழுத்துவிட்டால், நாளைக்குப் பழுதானாலும் உருவிவிட்டுப் புதிதாக நுழைக்கலாம். சுவரைத் தொட வேண்டாம்.

சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெக்ஸ் பொதுவாக 93 டிகிரி வரைக்கும்தான். யாரும் வெந்நீர் எடுக்காத நாளில் சோலார் அதையும் தாண்டலாம். அதனால் டேங்கை ஒட்டிச் செம்பு பைப், அப்புறம் தண்ணீர் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு, அதற்கப்புறம்தான் பெக்ஸ்.

மறுபடியும் வள்ளியூர்:

ஃபிட்டிங்ஸ் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போய்த்தான் வாங்கினோம். ஒரு கம்பெனி வளையம் இன்னொரு கம்பெனி பைப்பில் சரியாக உட்காராமல் போகலாம். போடும்போதே அதே கம்பெனியில் நாலைந்து வளையமும் கப்ளிங்கும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.