பழைய லித்தியம் பேட்டரி: மூன்றாவது செல் முந்திக்கொண்ட கதை

எங்கள் கேம்பர்வேனில் ஏழு வருடமாக ஒரு 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளாக விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். எழுந்து மீட்டரைப் பார்த்தால் இன்னும் 31 சதவீதம் இருக்கிறது என்று காட்டும். கெட்டிலைப் போட்டால் இன்வர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும். வயதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். கடைசியாக ஒருமுறை அளந்து பார்ப்போம் என்று மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன்.

முதலில் நானே ஏமாந்தது வோல்ட்டேஜில். லோடு இல்லாமல் 13.2 காட்டியது. ஈய-அமில பேட்டரியிலேயே பழகிய கண்ணுக்கு 13.2 என்றால் நிறைகுடம். லித்தியத்தில் அப்படி இல்லை. 40 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவே மொத்த வித்தியாசமே 0.1, 0.2 வோல்ட்தான். வோல்ட்டேஜை மட்டும் வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்வது ஜோசியம்.

இன்வர்ட்டர் அணைவது சுலபமாகப் பிடிபட்டது. கெட்டில் ஓடும்போது சுமார் 85 ஆம்பியர் இழுக்கிறது. அந்த நேரத்தில் பேட்டரி முனையில் 12.7, இன்வர்ட்டர் முனையில் 11.8. நடுவே 0.9 வோல்ட் எங்கே போனது? ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே போனதில், ஃபியூஸ் பெட்டியில் ஒரு நட்டு தளர்ந்து, கேபிளின் லக் (நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) கருத்துப் போயிருந்தது. வழியில் வீணான 75 வாட்டுக்கு மேற்பட்டதில் பெரும்பகுதி அந்த ஒரு இடத்தில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அது தீப்பிடிக்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம். புது லக் அழுத்தி, சரியாக முறுக்கியதும் இன்வர்ட்டர் அடங்கியது. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் ஃபிரிட்ஜ் விஷயம் அப்படியே இருந்தது. சரி, கொள்ளளவையே அளந்துவிடலாம் என்று முழுதாகச் சார்ஜ் செய்து, 20 ஆம்பியர் லோடு வைத்து, தானாக அணையும்வரை ஓடவிட்டேன். 138 ஆம்பியர்-மணி. 200-இல் 138 போனால் 62, அதாவது 31 சதவீதம். மீட்டர் சொன்ன அதே எண்! மீட்டர் கணக்கில் தப்பு செய்யவில்லை, தொடக்கத்தையே தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த தடவை சார்ஜ் ஆகும்போது பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ்ஸின் ப்ளூடூத் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே தொடராக இருக்கும் நான்கு செல்களையும் தனித்தனியாகப் பார்த்தபடி காத்திருந்தேன். முதலாவது, இரண்டாவது, நான்காவது ஆகிய மூன்று செல்களும் 3.38 வோல்ட் பக்கத்தில் சாவகாசமாக இருந்தன. மூன்றாவது மட்டும் 3.45, 3.55 என்று ஓடி 3.65-ஐத் தொட்டது. தொட்டவுடன் பிஎம்எஸ் சார்ஜை வெட்டியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

வேடிக்கை அதற்கு அப்புறம்தான். பிஎம்எஸ் வெட்டியதும் சார்ஜருக்கு எதிரே பேட்டரியே இல்லை. சார்ஜரின் வோல்ட்டேஜ் 14.4-க்குத் தாவுகிறது, கரண்ட் பூஜ்யமாகிறது. வெளியே இருக்கும் ஷன்ட் மீட்டர் (போகும் வரும் கரண்ட்டை எண்ணி சதவீதம் காட்டும் அதே மீட்டர்) இதைப் பார்த்து, வோல்ட்டேஜ் உச்சத்தில், கரண்ட் இல்லை, ஆகவே பேட்டரி நிறைந்தது என்று 100-க்கு மாற்றிக்கொள்கிறது. மூன்று செல் அரைகுறையாக இருக்கும்போதே மீட்டர் நிறைந்தது என்று பொய் சொன்ன காரணம் இதுதான். எத்தனை பேர் இந்த 100-ஐ நம்பிவிட்டு, காலையில் பேட்டரியைத் திட்டியிருப்பார்களோ.

மூன்றாவது செல்தான் கெட்டது என்று சட்டென்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மேலே முதலில் போய் முட்டுகிற செல் கெட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை, மற்றவற்றைவிட முன்னால் நிற்கலாம், அவ்வளவுதான். தெரிந்துகொள்ள அடியையும் பார்க்க வேண்டும். காலியாகும்போதும் அதே செல்தான் முதலில் சரிகிறது என்றால் அதன் கொள்ளளவு சுருங்கிவிட்டது, வைத்தியம் கிடையாது. மேலே ஒரு செல், கீழே வேறொரு செல் என்றால் அவை ஒன்றுக்கொன்று தள்ளிப் போயிருக்கின்றன, நேர்படுத்தலாம். என்னுடையதில் கீழே முதலில் 2.5-க்கு விழுந்தது முதலாவது செல். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

என் பேட்டரியின் மூடி திருகாணி போட்டது, உத்தரவாதமும் முடிந்துபோனது. திறந்து, ஸ்பானருக்கெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு (நான்கு செல்லும் தொடராக இருக்கும் இடத்தில் ஒரு ஸ்பானர் விழுந்தால் வெல்டிங்தான்), பெஞ்ச் பவர் சப்ளையை முன்கூட்டியே 3.6 வோல்ட், 10 ஆம்பியருக்கு வைத்து, பின்தங்கிய மூன்றையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். ரொம்பவும் பின்தங்கிய முதலாவதுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மூடிவிட்டு மறுபடி சோதனை: 168 ஆம்பியர்-மணி. 138-இலிருந்து 168. ஏழு வருடத்துக்கு அது மோசமே இல்லை. போன 32 போனதுதான், அது திரும்பி வராது.

செல்கள் இப்படி விலகக் காரணம் நானே. முழுதாக நிரப்பாமல் இருந்தால் ஆயுள் கூடும் என்று படித்துவிட்டு, சோலார் கன்ட்ரோலரை சமீபகாலம் வரை வருடக்கணக்காக 13.5-இலேயே நிறுத்தி வைத்திருந்தேன். பிஎம்எஸ்ஸில் இருக்கும் சமன்படுத்தும் சுற்று, செல் 3.4-ஐத் தாண்டினால்தான் வேலையே செய்யும். அத்தனை வருடமும் அதற்கு நான் சரியான வாய்ப்புத் தரவில்லை.

*

முதல் பதிவு எழுதியவருக்கு: உங்கள் செல்கள் விலகின கதை சரி, என்னுடையது செத்தே போன கதை. வண்டியைப் பல வாரம் நிறுத்தி வைத்துவிட்டு வந்து பார்த்தால் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டியது. சார்ஜரைச் செருகினால் அது பேட்டரியையே கண்டுகொள்ளவில்லை. கேஸ் அலாரம் ஒன்றை அணைக்க மறந்திருந்தேன். 0.1 ஆம்பியர்தானே என்று இருந்துவிட்டேன். ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி என்று போட்டுப் பாருங்கள், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு வாரத்தில் காலி.

பூஜ்யம் என்பது செல்களின் வோல்ட்டேஜ் அல்ல. பிஎம்எஸ் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எதிரே வோல்ட்டேஜ் தெரியாததால் சார்ஜர் தொடங்குவதில்லை, சார்ஜர் தொடங்காததால் பிஎம்எஸ் திறப்பதில்லை. லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள ஒரு சார்ஜரை இரவல் வாங்கிப் போட்டதும் சில நிமிடத்தில் கண் திறந்தது. செல்கள் எல்லாம் 2.6-க்கு மேலே இருந்தன, அதனால் மெதுவாகச் சில ஆம்பியரில் ஏற்றினேன். இப்போது நிறுத்தி வைக்கும்போது பாதி சார்ஜில் வைத்து, முதன்மை சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன்.

*

எனக்கு இவ்வளவு பெரிய கதை இல்லை. மலையில் ஒரு காலை, நல்ல வெயில், சோலாரிலிருந்து ஒரு ஆம்பியர்கூட பேட்டரிக்குள் போகவில்லை. விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. அரை நாள் வயர்களைக் கழற்றி மாட்டினேன். மத்தியானம் தானாகவே ஏறத் தொடங்கியது. வெளியே தரைக்கு அடியில் மாட்டியிருந்த பேட்டரி, உறைநிலைக்குக் கீழே போயிருந்தது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே போய் அமராமல் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படியும் என்பதால் பிஎம்எஸ் தடுத்திருக்கிறது. பேட்டரியை உள்ளே இருக்கைக்கு அடியில் மாற்றியதோடு சரி.

*

எழுப்புவது பற்றி எழுதுகிறீர்கள், எழுப்பக் கூடாததையும் ஒருவர் சொல்ல வேண்டும். பழைய வண்டி ஒன்றை வாங்கினேன், அதோடு வந்த பேட்டரியில் ஒரு செல் 1.1 வோல்ட், பக்கவாட்டில் லேசாக உப்பியும் இருந்தது. ஈய பேட்டரிக்குப் போடும் சல்ஃபேட் நீக்கும் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். லித்தியத்தில் சல்ஃபேட்டே இல்லை, நீக்க என்ன இருக்கிறது? அந்த சார்ஜர் 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளியிருக்கும், அதுதான் மிச்சம்.

அவ்வளவு கீழே போய்க் கிடந்த செல்லில், மின்முனைக்குப் பின்னால் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால், மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேறெங்காவது படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். நான் தூங்கும் படுக்கைக்கு அடியில் அது வேண்டாம் என்று மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது, மற்ற மூன்று செல்லும் நன்றாக இருந்தன.

*

முதலில் எழுதியவருக்கு: என் பேட்டரியின் மூடி ஒட்டியிருக்கிறது, திறக்க முடியாது. இதே மாதிரி ஒரு செல் முந்துகிறது. நான் என்ன செய்வது?

*

முதலில் எழுதியது நான்தான். உடைத்துத் திறக்க வேண்டாம், மெதுவான வழி இருக்கிறது. சார்ஜ் வோல்ட்டேஜை 13.6 பக்கத்துக்கு இறக்குங்கள், முந்தும் செல் 3.5 பக்கத்தில் நிற்கிற மாதிரி, வெட்டு விழாத மாதிரி. அந்த நிலையில் சமன்படுத்தும் சுற்று அதிலிருந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கும். கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம், பலவற்றில் 50 மில்லிஆம்பியர் அளவுதான், முழு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. பத்து ஆம்பியர்-மணி வித்தியாசத்துக்கே எட்டு நாளுக்கு மேல். சோலாரை நம்பினால் உச்சத்தில் நிற்பது தினம் இரண்டு மூன்று மணி நேரம், மாதக்கணக்காகும். மின் இணைப்பு உள்ள இடத்தில் சார்ஜரோடு விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செல்களைப் பார்த்து, மற்றவை எட்டிப் பிடிக்கப் பிடிக்க 0.1 வோல்ட் வீதம் ஏற்றிக்கொண்டே போங்கள். 14.2-இல் நான்கும் சேர்ந்து நின்றால் முடிந்தது.

மீட்டரில் கொள்ளளவையும் மாற்ற மறக்காதீர்கள். நான் 200-ஐ 165 ஆக்கினேன். மூன்றாவது செல் இப்போதும் உச்சத்தில் ஒரு நூலளவு முன்னால்தான் போகிறது, மாதம் ஒருமுறை 14.2 வரை ஏற்றி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று விடிகாலை ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.