புதுப்பிப்பு: லேண்ட் ரோவரில் ஐசுசு எஞ்சின், எந்த மெனிஃபோல்ட் சரி வந்தது?

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. பழைய லேண்ட் ரோவர் பிக்கப்பில் 2771 சிசி ஐசுசு டீசல் எஞ்சினைப் பொருத்தும்போது, புகையை வெளியேற்ற தனித்தனிக் குழாய்களாலான ஹெடர் போடவா, எஞ்சினோடு வந்த வார்ப்பிரும்பு மெனிஃபோல்டையே (சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் பாகம்) வைக்கவா என்று கேட்டிருந்தேன்.

“ஹெடர் வேண்டாம், டவுன் பைப்பை மட்டும் வெட்டி வளையுங்கள்” என்ற ஹட்டன் அண்ணாவின் யோசனைதான் வேலை செய்தது. டவுன் பைப் என்பது மெனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் புகைக்குழாய். ஆசைக்கு ஹெடரையும் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். ஒரு குழாய் சேஸியில் இடித்தது. இப்போது டவுன் பைப்புக்கும் சேஸிக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போகிறது.

எதிர்பாராதது ஒன்று: ஐட்லிங்கில் எஞ்சின் ஆடிய ஆட்டத்தில் மூன்றாம் நாளே டவுன் பைப்பின் வெல்டிங் ஓரம் வெடித்து, கராஜ் முழுக்கப் புகை. பைப்பின் நடுவில், ஆட்டத்தைத் தாங்கி வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் துண்டு ஒன்றைச் சேர்த்தோம். அப்புறம் றம்பொடை ஏற்றத்தை இரண்டு தரம் ஏறியாகிவிட்டது, வெடிப்பில்லை. கிளட்ச் லைன் (கிளட்ச் எண்ணெய்க் குழாய்) பக்கத்திலேயே போவதால் சூடு படாமல் தகரத் தடுப்பும் வைத்திருக்கிறேன்.