சதாபிஷேக மலர்: எந்தத் தாளில் அச்சிடுவது, அட்டைக்கு எந்த ஃபினிஷிங்?

மாம்பலத்து வடிவமைப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் கார்த்திகையில் எங்கள் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். அதையொட்டி 96 பக்கங்களில், டெம்மி 1/8 அளவில் (சுமார் 5.5×8.5 அங்குலம்), 300 பிரதிகள் ஒரு மலர் கொண்டுவர வேண்டும் என்று குடும்பத்தில் முடிவாகி, வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பக்கங்கள் உறவினர்களும் நண்பர்களும் எழுதிய நினைவுகள்; மீதமுள்ளவை 1950களில் தொடங்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

தாள் விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு. முழுவதையும் 130 ஜி.எஸ்.எம். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்டால்தான் விசேஷத்துக்குத் தகுந்த கனம் இருக்கும், மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத சாதாரணத் தாளில் போட்டால் பாடநூல் போலாகிவிடும் என்பது சித்தப்பாவின் கருத்து. மலரைப் படிக்கப்போகிறவர்களில் பலர் தாத்தாவின் வயதை ஒட்டியவர்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளப்பான பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படிப்பது அவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பதை வீட்டிலேயே பார்க்கிறேன். ஆகவே 80 ஜி.எஸ்.எம். நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ என்பது என் விருப்பம். ஆனால் பாட்டியின் பழைய படங்கள் அதில் கறுத்துப்போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

அட்டை குறித்தும் கேட்க வேண்டும். அடர்ந்த அரக்கு நிறப் பின்னணி, அதன்மேல் புடவைக் கரை போன்ற தங்க ஃபாயில், தலைப்பின்மேல் மட்டும் மினுங்கும் பூச்சாக ஸ்பாட் யூ.வி. என்று வரைந்து வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு நான் வடிவமைத்த ஒரு கச்சேரி நிகழ்ச்சிக் கையேட்டுக்கு இதேபோல் அடர்நிற அட்டைதான்; 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, வெளிப்பக்கம் மட்டும் கிளாஸ் லேமினேஷன், அதாவது பளபளப்பான பிளாஸ்டிக் ஃபிலிம். ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் அட்டைகள் எல்லாம் முறம்போல வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. முதுகு மடிப்பில் வெள்ளைக் கோடும் விழுந்துவிட்டது. அச்சகத்தார் தாளைக் குறை சொன்னார்கள், தாள் விற்றவர் அச்சகத்தைக் குறை சொன்னார். அந்தத் தவறு தாத்தாவின் மலரில் நடக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ராயப்பேட்டை அச்சுக்காரர் எழுதியது:

தம்பி, தாத்தாவுக்கு என் வணக்கங்களைச் சொல்லுங்கள்.

உங்கள் சித்தப்பா கனம் என்று சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையே தவிர, தடிமன் அல்ல. ஆர்ட் பேப்பரின் மேல் களிமண், சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறது. அதை உருளைகளுக்கு இடையே அழுத்தி மெருகேற்றுகிறார்கள். அதனால் 130 ஜி.எஸ்.எம். கிளாஸ் ஆர்ட் பேப்பரும் 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவும் கையில் பிடித்தால் ஏறத்தாழ ஒரே தடிமன்தான், சுமார் 0.1 மில்லிமீட்டர். உங்கள் 96 பக்கம், அதாவது 48 இதழ்கள், இரண்டிலும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் முதுகுதான் தரும். எடை மட்டும் மாறும்: மேப்லித்தோவில் உள்பக்கங்கள் சுமார் 116 கிராம், ஆர்ட் பேப்பரில் சுமார் 188 கிராம். எண்பது வயதுக்காரர் படுத்துக்கொண்டே ஒரு கையில் பிடித்துப் படிக்க வேண்டிய புத்தகத்தில் அந்த 72 கிராம் சிறிய விஷயம் அல்ல என்பதைச் சித்தப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

படங்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும், படத்தை உருவாக்கும் நுண்ணிய மைப்புள்ளி பரவும். நீங்கள் கோப்பில் 50 சதவீதம் என்று வைத்த சாம்பல், மேப்லித்தோவில் 70 சதவீதம் போல விழும். கரும்பட்டுப் புடவையின் மடிப்புகளும் கூந்தலும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்வது இதனால்தான். எங்கள் அச்சகத்தில் ஒரு பழைய திருமணப் படத்தை இரண்டு தாளிலும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம்: ஆர்ட் பேப்பரில் மணமகளின் நெற்றிச்சுட்டியில் ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம், மேப்லித்தோவில் அது ஒரு மங்கிய கோடு.

ஆனாலும் முழுப் புத்தகத்தையும் ஆர்ட் பேப்பருக்கு மாற்ற வேண்டியதில்லை. 96 பக்கம் என்பது 16 பக்க ஃபாரம், அதாவது ஒன்றாக மடித்துச் சேர்க்கும் பக்கத் தொகுதி, ஆறு. நினைவுகளை நான்கு ஃபாரங்களில் மேப்லித்தோவிலும், படங்களை இரண்டு ஃபாரங்களில் 130 ஜி.எஸ்.எம். மேட் (பளபளப்பில்லாத) ஆர்ட் பேப்பரிலும் போடுங்கள். தடிமன் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் புத்தகத்தின் ஓரத்தில் மேடு பள்ளம் தெரியாது. 23×36 அங்குலத் தாளில் டெம்மி 1/8 அளவில் 32 பக்கங்கள் அமையும். ஆக, 300 பிரதிகளுக்கு மேப்லித்தோ 600 தாளும் ஆர்ட் பேப்பர் 300 தாளும், அவற்றின்மேல் கழிவுக்குக் கொஞ்சமும் தேவைப்படும். ரீம் என்பது 500 தாள், 80 ஜி.எஸ்.எம்.மில் அது சுமார் 21.4 கிலோ, இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேளுங்கள்.

மேட் ஆர்ட் பேப்பரில் மை எளிதில் உரசி எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். எனவே படப் பக்கங்களுக்கு வார்னிஷ் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களை நான்கு நிறத்தில் பிரித்து அனுப்பாதீர்கள். நிறச் சமநிலை சிறிது தவறினாலும் ஒரு பக்கத்தில் பாட்டி பச்சையாகவும் அடுத்த பக்கத்தில் சிவப்பாகவும் தெரிவார். கறுப்புடன் ஒரு வெதுவெதுப்பான சாம்பல் என இரண்டு மைகளில் அச்சிட்டால் ஆழம் கிடைக்கும்.

பைண்டிங் பட்டறைக்காரர் எழுதியது:

கையேட்டு அட்டை வளைந்ததற்குத் தாளையோ அச்சையோ தனியாகக் குறை சொல்ல முடியாது. வெளிப்பக்கம் ஒட்டிய பிளாஸ்டிக் ஃபிலிம் ஈரத்தை வாங்காது. உள்பக்கத்து வெற்று அட்டை வாங்கும். சென்னையில் மழைக்காலக் காற்றில் உள்பக்கம் விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்க, அட்டை ஃபிலிம் பக்கமாகச் சுருளத்தான் செய்யும். இரண்டு பக்கமும் லேமினேஷன் செய்தால் வளையாது. ஆனால் முதுகில் பசை போட்டு ஒட்டும் புத்தகமாக இருந்தால், அட்டையின் உள்பக்கத்தில் ஃபிலிம் இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது. புத்தகம் ஒரே மாதத்தில் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்கும்.

வெள்ளைக் கோடு வேறு காரணத்தால் வந்தது. தாளுக்குள் இழைகள் ஒரு திசையில் ஓடுகின்றன. இழையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். இழைக்குக் குறுக்கே மடித்தால் இழைகள் முறிந்து, மேலே இருக்கும் மையும் வெடித்து, அடியில் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். தாளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவுங்கள். சில நொடிகளில் அது குழல்போலச் சுருளும். அந்தக் குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுவே இழையின் திசை. புத்தகத்தில் அந்தத் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மேலே ஐயா சொன்ன 23×36 தாளில், உங்கள் அளவுக்கு இழை 36 அங்குலப் பக்கமாக ஓட வேண்டும். தாள் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், வெட்டிய பிறகு கேட்டுப் பயன் இல்லை. இழை குறுக்காக இருந்தால் பக்கங்கள் முதுகருகே அலை அலையாக நிற்கும், விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும்.

கனமான அட்டைக்கு க்ரீசிங், அதாவது மடிக்கும் கோட்டை முன்பே அழுத்திப் பதிப்பது, இல்லாமல் மடிப்பு வேண்டவே வேண்டாம். க்ரீசிங்கில் எழும் மேடு மடிப்பின் உட்பக்கமாக வர வேண்டும். அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு லேமினேஷனைக் குறை சொல்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு யோசனை. அரக்கு நிறத்தை அச்சிடுவதற்குப் பதிலாக, உள்ளும் புறமும் அரக்கு நிறமே ஏறிய அட்டையை வாங்குங்கள். அதில் மடிப்பு முறிந்தாலும் அடியில் வெள்ளை இல்லை. லேமினேஷன் தேவைப்படாது, ஆகவே வளைவும் வராது. தங்க ஃபாயிலும் நேரடியாக ஏறும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகளில் மாதிரிப் புத்தகம் பார்க்கக் கேளுங்கள். வண்ணத்தைக் கடைக்குள் விளக்கொளியில் பார்க்காமல் தெருவில் வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

அழைப்பிதழ் வேலை செய்பவர் எழுதியது:

பைண்டிங்காரர் சொன்ன அட்டை யோசனையை முழு மனதுடன் வழிமொழிகிறேன். ஃபாயிலைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழ் எழுத்துக்கு அது தனிச் சோதனை.

ஃபாயிலைச் சூடான உலோக பிளாக்கால் அழுத்தி ஏற்றுகிறார்கள். அந்த அழுத்தத்தில் ஒவ்வொரு கோடும் இம்மியளவு தடிக்கும். ஆங்கில எழுத்துகளில் அது பெரிதாகத் தெரியாது. நம் ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறியவை. அவை அடைத்துக்கொண்டால் ‘ண’ ஒரு தங்கக் கட்டியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. நான் 14 பாயிண்டுக்குக் கீழே எந்தத் தமிழ் எழுத்தையும் ஃபாயிலுக்குக் கொடுப்பதில்லை. தடித்த எழுத்துருவை விட்டு, சுழி விரிந்த நடுத்தர எடையைத் தேர்ந்தெடுத்து, எழுத்துகளுக்கு இடையே சிறிது கூடுதல் இடமும் விடுகிறேன். தாளும் எழுத்தும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவது நமக்குப் புதிது அல்ல. 1710களில் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்தச்சுகள் மிகப் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள்.

உங்கள் புடவைக் கரையை மடிப்பின்மேல் ஓடவிடாதீர்கள். ஃபாயிலும் மடிப்பில் உதிரும். முன்னட்டையில் மடிப்புக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். சொரசொரப்பு அதிகமான அட்டையில் ஃபாயில் விட்டு விட்டு விழும், ஆகவே வழவழப்பான ரகத்தையே கேளுங்கள். பிளாக் செய்யும் செலவு 30 பிரதிக்கும் 300 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் தலைப்பு, கரை இரண்டையும் ஒரே பிளாக்கில் அடக்கிவிடுவது நல்லது.

மலருடன் அழைப்பிதழையும் நீங்களே செய்வதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். கிளாஸ் லேமினேஷன் செய்த அட்டையில் மஞ்சள் பிடிக்காமல் வழிந்து, காய்ந்து, உதிரும்; அடுத்தவர் புடவையில் ஒட்டும். பூச்சில்லாத அட்டையில் அது அழகாக ஊறி நிற்கும். மூலைகளை வெறுமையாக விட்டு வடிவமைப்பது அந்த மஞ்சளுக்கு இடம் கொடுப்பதற்குத்தான்.

நூல் வடிவமைப்பாளர், அடையாறு எழுதியது:

ஸ்பாட் யூ.வி.யைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேட் லேமினேஷனின் மேல் விழும்போதுதான் அது மினுங்கும். பூச்சில்லாத அட்டை அந்தத் திரவத்தைக் குடித்துவிடும், மினுப்பு எழாது. தலைப்பைத் தொட்டு உணர வேண்டும் என்பது உங்கள் எண்ணமாக இருந்தால், தாத்தாவின் கையெழுத்தை ஃபாயில் இல்லாமல் உள்ளழுத்தமாக, அதாவது டீபாஸாக, பின்னட்டையில் இடுங்கள். பார்வை மங்கியவருக்கும் விரல் நுனியில் அது கிடைக்கும்.

மாம்பலத்து வடிவமைப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை ஆண்டர்சன் தெருவுக்குச் சென்று, உள்ளே நிறமேறிய 280 ஜி.எஸ்.எம். அரக்கு அட்டையும் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோவும் மேட் ஆர்ட் பேப்பரும் மாதிரிக்கு வாங்கி வந்தேன். ஈர விரல் சோதனையில் மேப்லித்தோவின் இழை 36 அங்குலப் பக்கமாகவே ஓடியது. அட்டையில் குறுக்காக ஓடியதால் அதை மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

வெற்று மேப்லித்தோ தாளில் 96 பக்க டம்மி (மாதிரி நூல்) ஒன்றைத் தைத்து, படப் பக்கங்கள் இரண்டை மட்டும் டிஜிட்டலில் அச்சிட்டுச் செருகி, சித்தப்பாவிடம் கொடுத்தேன். அதே அளவில் முழுக்க ஆர்ட் பேப்பரால் ஆன இன்னொரு டம்மியையும் மறு கையில் கொடுத்தேன். எடை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, அவர் எதுவும் சொல்லாமல் இரண்டையும் தாத்தாவிடம் நீட்டினார். தாத்தா மேப்லித்தோ டம்மியை மடியில் வைத்து விரித்தார். அது மூடிக்கொள்ளாமல் கிடந்தது. மற்றொன்றைக் கீழே வைத்துவிட்டு, பாட்டியின் படம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டார்.

ராயப்பேட்டை ஐயாவுக்கு ஒரு சந்தேகம்: மழைக்காலத்தில் அச்சிடுவதால், தாள் வந்த அன்றே இயந்திரத்தில் ஏற்றலாமா?

ராயப்பேட்டை அச்சுக்காரர் எழுதியது:

ஏற்ற வேண்டாம். கட்டைப் பிரிக்காமல் அச்சகத்திலேயே ஒரு நாள் இருக்கட்டும், அறையின் சூட்டுக்குப் பழகட்டும். அச்சிட்ட மேப்லித்தோ தாள்களையும் உடனே மடிக்க விடாதீர்கள். ஈரக் காற்றில் மை உலர நாள் பிடிக்கும். விசேஷத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பைண்டிங்குக்கு முன்னால் மூன்று நாள் காலியாக விட்டு அச்சகத்துக்குத் தேதி கொடுங்கள்.