சன் கோனூர் குஞ்சு: விடிந்தும் தீனிப்பை காலியாகவில்லை, உப்பிப்போய் உட்கார்ந்திருக்கிறது. உதவுங்கள்

செந்தூல்_மாடிவீடு:

வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு சன் கோனூர் (சிறிய கிளி வகை) குஞ்சு இருக்கிறது. ஆறு வாரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மஞ்சு என்று பெயர். குஞ்சுகளுக்கான தீனிப் பவுடரைக் கரைத்து சிரிஞ்சில் மூன்று வேளை ஊட்டுகிறோம். சிரிஞ்சைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவாள். முந்தாநாளிலிருந்து அந்தத் துடிப்பு குறைந்துவிட்டது. இன்று காலை பார்த்தால், ராத்திரி ஊட்டியது இன்னும் கழுத்தடியில் தொங்குகிறது. தொட்டால் பிசைந்த மாவு போல மெத்தென்று இருக்கிறது. வாயருகில் புளித்த வாடை. இறகை உப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றியபடி கண்ணை மூடி மூடித் திறக்கிறாள். எச்சம் கொஞ்சமாக, தண்ணீராகப் போகிறது.

வாங்கிய கடையில் கேட்டேன். மஞ்சள் நிற ஆன்டிபயாட்டிக் பவுடர் ஒன்றைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அத்தை ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். எதைச் செய்வது? மதிய வேளைக்கு ஊட்டலாமா?

பாகான்_டாலாம்:

தங்கச்சி, முதலில் ஒன்று. பையில் பழையது இருக்கும்போது மேலே புதிதாக ஊட்டாதீர்கள். மஞ்சள் பவுடரும் வேண்டாம், ஓமத்தண்ணீரும் வேண்டாம். இப்போதே செய்ய வேண்டியது சூடு கொடுப்பதுதான். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். உள்ளே 30 டிகிரி அளவில் இருந்தால் போதும். அவளுக்குச் சூடு அதிகமென்றால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்த குஞ்சுக்கு எதுவும் செரிக்காது.

சூடு கொடுத்துக்கொண்டே இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். எடை எவ்வளவு, முன்பு எவ்வளவு? பவுடர் கரைத்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறீர்களா? ராத்திரி எங்கே தூங்குகிறாள், அந்த அறையில் ஏர்கான் ஓடுகிறதா? எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி என்ன நிறம்? மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா?

செந்தூல்_மாடிவீடு:

நன்றி அண்ணா, பெட்டி தயார் செய்துவிட்டோம்.

சமையலறைத் தராசில் நேற்று 98 கிராம், இன்று 91. அதுவும் பையில் தீனி இருக்கும்போதே. பவுடர் கையில் சொட்டுவிட்டுப் பார்த்துக் கொடுக்கிறோம்; அவள் மெதுவாகக் குடிப்பதால் கடைசிப் பாதி ஆறிப்போய்விடும். ராத்திரி எங்கள் அறையில்தான், ஏர்கான் 20-இல் ஓடும். எச்சத்தில் வெள்ளைப் பகுதி வெள்ளையாகத்தான் இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் அதிகம். வால் ஆடவில்லை.

பாகான்_டாலாம்:

இது பெரும்பாலும் தீனிப்பை நின்றுபோன கதை. உறுதியாகச் சொல்ல டாக்டர்தான் வேண்டும். ஆனால் நடப்பது என்ன என்று தெரிந்தால் உங்களுக்கும் பயம் தெளியும்.

பறவை முழுங்கியது நேராக வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்த வயதில் ஒரு வேளை ஊட்டியது நாலைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிட வேண்டும். ராத்திரி ஊட்டியது விடிவதற்குள் சுத்தமாகக் காலியாக வேண்டும். தீனி ஆறிப்போயிருந்தாலும், குஞ்சின் உடம்பு குளிர்ந்தாலும், பவுடர் ரொம்பக் கெட்டியாக இருந்தாலும், வேறு ஏதாவது தொற்று உள்ளே இருந்தாலும் பை அசையாமல் நின்றுவிடும். நின்ற தீனி புளிக்கும். புளித்த இடத்தில் கேண்டிடா என்ற ஈஸ்ட் பெருகும். அது பெருகினால் பை இன்னும் மந்தமாகும். இந்தச் சுற்றை வீட்டில் நாம் உடைக்க முடியாது.

கோலாலம்பூர் வெயிலில் குஞ்சுக்கு எதற்குச் சூடு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பகலுக்கு அது சரி. கூட்டில் உடன்பிறப்புகளோடு ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டிய வயதில், தனியாக, 20 டிகிரி அறையில் எட்டு மணி நேரம் என்றால் அவள் தின்றதெல்லாம் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே போய்விடும்.

இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். கிளி கடைசிவரை நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்த பறவையைத்தான் பருந்து முதலில் பார்க்கும், அதனால் வந்த குணம். நம் கண்ணுக்கே சோர்வு தெரிகிறது என்றால் உள்ளே வெகுதூரம் போயிருக்கும். ஏழு கிராம் நமக்கு ஒன்றுமில்லை. 98 கிராம் உடம்பில் அது ஏழு விழுக்காடு.

ரவாங்_மாமா:

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் பழைய ஆட்கள் குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, பையை நீவி, புளித்ததை வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த மஞ்சள் பவுடரும் பலருக்குக் கேட்டிருக்கிறது. டாக்டர் கிடைக்கும்வரை செய்து பார்க்கலாமே?

கூண்டுக்காரி:

மாமா, மன்னிக்க வேண்டும், இது இரண்டும் கூடவே கூடாது. கிளியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. தலைகீழாக்கி நீவினால் வெளியே வரும் தீனி நுரையீரலுக்குள் போய்விடும், சில நிமிடத்தில் குஞ்சு போய்விடும். டாக்டர்கள் பையைக் கழுவுவதாக இருந்தால் குழாய் விட்டு, தலையை நிமிர்த்திப் பிடித்துச் செய்வார்கள்.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், ஈஸ்டைத் தொடாது. பையில் ஈஸ்டை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போவதால் ஈஸ்ட் இன்னும் வேகமாக வளரும். சிலருக்குக் கேட்டிருக்கலாம், அவர்கள் பறவைக்கு வந்தது வேறு நோயாக இருந்திருக்கும். எந்த நோய் என்று தெரியாமல் கொடுக்கிற மருந்து இவ்வளவு சின்ன உடம்பில் விளையாடக்கூடாது.

தங்கச்சி, சாதாரண நாய், பூனை கிளினிக்கில் போய் நேரத்தை விடாதீர்கள். பறவை பார்ப்பீர்களா என்று போனிலேயே கேளுங்கள். செர்டாங்கில் யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) வளாகத்தில் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் போன் செய்து கேட்டுப் பாருங்கள். போகும்போது பெட்டியை அப்படியே சூட்டோடு எடுத்துப் போங்கள், காரில் ஏர்கானை அவள் பக்கம் திருப்பாதீர்கள். அடியில் விரித்த வெள்ளைத்தாளில் விழுந்த எச்சத்தையும், பவுடர் டப்பாவின் படத்தையும் கொண்டு போங்கள்.

பச்சைச்சிறகு:

இன்னொன்று, பயமுறுத்துவதற்காக இல்லை. எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரல் பாதிப்பின் அடையாளம் அது. கிளிக் காய்ச்சல் என்று சொல்லும் கிளாமிடியா தொற்றிலும் அப்படி வரும். கடையில் பல இடத்துக் குஞ்சுகளை ஒரே கூண்டில் போட்டு விற்கும்போது எளிதில் பரவும், காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்கும் வரும். வீட்டில் அத்தை இருப்பதால் சொல்கிறேன். கூண்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். வீட்டில் யாருக்காவது ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது தோன்றாது. மருந்து உண்டு, குணமாகும்.

செந்தூல்_மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. பறவை பார்க்கும் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம்.

பையிலிருந்து கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஈஸ்ட்தான், நிறைய இருக்கிறது என்றார். அங்கேயே பையைக் கழுவி, தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். நிஸ்டாட்டின் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். பை காலியாக இருக்கும்போது, ஊட்டுவதற்கு முன்னால் கொடுக்கச் சொன்னார். அந்த மருந்து ரத்தத்தில் சேராதாம், வாயிலும் பையிலும் நேராகப் பட்டால்தான் வேலை செய்யுமாம். இப்போதைக்குப் பவுடரைத் தண்ணியாகக் கரைத்து, பாதி அளவு, வேளையைக் கூட்டி ஊட்ட வேண்டும். பிபிஎஃப்டி சோதனைக்கு ரத்தமும் எடுத்தார். அது என்ன நோய் என்று அங்கே கேட்கத் தோன்றவில்லை. யாராவது விளக்குங்களேன்.

கூண்டுக்காரி:

நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார். பிபிஎஃப்டி என்பது கிளிகளின் அலகையும் இறகையும் தாக்கும் சர்க்கோவைரஸ் நோய். இளம் பறவைகளுக்குத்தான் அதிகம் வரும். முளைக்கும் இறகு சுருண்டு, இடுக்கிப்பிடித்தாற்போல் குறுகி, உதிர்ந்து போகும். நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைவதால் ஈஸ்ட் மாதிரியான தொற்றுகள் ஏறிக்கொள்ளும். அதனால்தான் ஈஸ்ட் கண்ட குஞ்சுக்கு இதையும் பார்த்துவிடுகிறார்கள். குணப்படுத்தும் மருந்து கிடையாது. இறகுத் தூசியில் வைரஸ் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். முடிவு வரும்வரை வேறு பறவை எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பாகான்_டாலாம்:

தங்கச்சி, இனி ஊட்டும் முறையைச் சொல்கிறேன், இங்கேதான் பாதி நோயும் தடுக்கப்படும்.

தெர்மாமீட்டர் கட்டாயம். பவுடர் 39-லிருந்து 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பை மந்தமாகும். 43-ஐத் தாண்டினால் பையின் சுவர் வெந்துவிடும். அது அன்றைக்குத் தெரியாது, சில நாள் கழித்துக் கழுத்தடியில் கறுத்துப் பொருக்கு தட்டி, ஓட்டை விழுந்து தீனி வெளியே ஒழுகும்போதுதான் தெரியும். மைக்ரோவேவில் சுடவைக்காதீர்கள், நடுவில் ஒரு இடம் மட்டும் கொதித்துக்கிடக்கும். ஊட்டும் கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிய பெரிய கிண்ணத்துக்குள் வைத்துக்கொண்டால் கடைசிச் சொட்டுவரை ஆறாது. மிச்சமானதைக் கொட்டிவிடுங்கள், நம் ஊர் வெக்கையில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சிரிஞ்சை ஒவ்வொரு வேளையும் கழற்றிக் கழுவி, கொதிநீரில் போட்டுக் காயவைக்க வேண்டும். ரப்பர் முனைக்குள் ஒட்டியிருப்பதுதான் அடுத்த வேளைக்கு விஷம்.

உடம்பு தேறியபின் ஒரு வேளைக்கு அளவு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. இவளுக்கு 10 மில்லி வரை. தினமும் விடிந்ததும், பை காலியாக, எச்சம் போட்டபின் எடை எடுத்து நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நோய் தராசில் தெரியும். தானாகத் தின்னப் பழகும் காலத்தில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை நிறைந்திருக்க வேண்டும். எலும்பு கத்தி விளிம்பாகக் கையில் பட்டால் மெலிகிறாள் என்று பொருள்.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டும் வயதுக் குஞ்சைப் புதியவர்களிடம் விற்பதே தவறு. கைப்பழக்கம் வரும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தானாகத் தின்னத் தெரிந்த பறவையும் அன்பாக வைத்துக்கொண்டால் அதே அளவு பழகும். உங்கள் மேல் குறையில்லை, இதைச் சொல்ல வேண்டியது விற்றவர்.

பச்சைச்சிறகு:

வீட்டு விஷயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டாத பூச்சுப் போட்ட சட்டி அடுப்பில் காய்ந்து போனால் வரும் புகை நமக்கு மணக்கவே மணக்காது, பக்கத்து அறைக் கிளி செத்துவிழும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கொசுவர்த்தியும் மஞ்சு இருக்கும் அறையில் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 100-ஐத் தாண்டும் நாளில் பால்கனிப் பக்கம் வைக்காதீர்கள். மாடி வீட்டுப் பால்கனியில் புறாக்கள் எச்சம் போடும், அதனாலும் கூண்டு அங்கே இருக்கக் கூடாது. அவகாடோ, சாக்லேட் இரண்டும் கிளிக்கு விஷம்.

ரவாங்_மாமா:

கூண்டுக்காரி சொன்னதை நான் எங்கள் ஆட்களிடமும் சொல்லிவிட்டேன். தங்கச்சி, குஞ்சு எப்படி இருக்கிறது?

செந்தூல்_மாடிவீடு:

மாமா, இன்று காலை பை தட்டையாக, காலியாக இருந்தது. 95 கிராம். புளித்த வாடை இல்லை. பிபிஎஃப்டி இல்லை என்று முடிவும் வந்துவிட்டது. இப்போது ஹாலில் தூங்குகிறாள், பெட்டிக்குள் 27 டிகிரி நிற்கிறது. ஒரே கேள்வி: வேகவைத்த சோளத்தையும் முருங்கைக்கீரையையும் கொத்திப் பார்க்கிறாள். வேளையைக் குறைக்க ஆரம்பிக்கலாமா?

பாகான்_டாலாம்:

இப்போது குறைக்காதீர்கள். மருந்து முழுவதும் முடியட்டும், எடை 98-ஐத் தாண்டட்டும். சோளம், கீரை, பப்பாளி, கேரட் எல்லாம் கண்ணெதிரே கிண்ணத்தில் இருக்கட்டும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். சூரியகாந்தி விதையைப் பழக்காதீர்கள், கொழுப்புதான் சேரும், வைட்டமின் ஏ கிடைக்காது. அவளே சிரிஞ்சைத் தள்ளிவிட்டு, எடையும் நிலையாக நின்றால் முதலில் மத்தியான வேளையை நிறுத்துங்கள். ராத்திரி வேளை கடைசியில்தான்.