பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு வேலை: சேர்த்துக்கொள்வதா, விலக்கி வைப்பதா?

அலமாரி செய்பவர்:
எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது நிறைகிறது. அவளுடைய அறையில் இரண்டு வேலைகள் மீதமிருக்கின்றன. ஒரு புத்தக அலமாரி செய்ய வேண்டும். பலகைகளை அளவுக்கு அறுத்து வாங்கி வந்துவிட்டேன். அடுத்தது, பூச்சு உரிந்து கிடக்கும் பழைய மரச் சன்னலைத் தேய்த்துப் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். இரண்டையும் அவளைக் கூட வைத்துக்கொண்டே செய்யலாம் என்பது என் எண்ணம். என் மனைவி அதற்கு உடன்படவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருகாணிகளைக் கொட்டி, நீளமானவை வேறு, குட்டையானவை வேறு எனப் பிரித்துத் தரும்படி மகளிடம் சொன்னேன். அரை மணி நேரம் தலை நிமிராமல் பிரித்தாள். நான் கேட்டபோதெல்லாம் கூர்முனையைத் தன் பக்கம் வைத்துத் தலைப்பக்கத்தை என்னிடம் நீட்டினாள். கத்தரிக்கோலை அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தோம். அதை இதற்கும் அவளே பொருத்திக்கொண்டாள். ஆனால் வேலை முடிந்து எண்ணியபோது ஒரு திருகாணி குறைந்தது. இரவு அவள் தூங்கிய பிறகு, பொம்மையின் சட்டைப் பையில் அதைக் கண்டெடுத்தோம். எங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறான். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது. நீங்கள் எங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

தச்சர் வீட்டுப் பிள்ளை:
தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், நண்பரே. உதவ வேண்டும் என்ற ஆசையை நாம் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டியதில்லை. அது அவர்களிடம் முன்பே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 18 மாதக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். துணி காயப்போடும் பெரியவர் கிளிப்பைத் தவறவிட்டு, அது எட்டாமல் தவிப்பது போலக் காட்டுவார். கை நிறையப் பொருளோடு வந்து, மூடிய அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நிற்பார். 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு முறையாவது எழுந்து சென்று உதவினார்கள். யாரும் பரிசு கொடுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. 2008இல் அவர்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், உதவியதற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பின்னர் குறைவாகவே உதவ முன்வந்தார்கள்.

என் அப்பா தச்சர். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, பலகையில் நூல் அடிக்கும் வேளையில் ஒரு முனையை என் விரலில் சுற்றி, அழுத்திப் பிடிக்கச் சொல்வார். நான் விட்டால் கோடு கோணிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்திருப்பேன். பிளாஸ்டிக் சுத்தியலைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருந்தால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்திருக்காது. உங்கள் மகள் திருகாணியை நீட்டிய விதத்திலும் அதே பொறுப்பைத்தான் பார்க்கிறேன்.

இரட்டையரின் தாய்:
ஐயா, உங்கள் அப்பாவின் மீதுள்ள மதிப்போடுதான் மறுக்கிறேன். அந்த ஆய்வு நடந்த அறையில் ரம்பமும் இல்லை, ட்ரில்லிங் மெஷினும் இல்லை. பிள்ளைக்கு உதவும் மனம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது; வேலை நடக்கும் இடம் பிள்ளைக்கு ஏற்றது என்று அது காட்டவில்லை.

கேள்வி கேட்டவரின் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதை நீங்கள் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு குழல் வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது என்று கொள்வார்கள். திருகாணி, சுவர்த் துளையில் செருகும் பிளக், வாஷர் எல்லாமே அதில் அடங்கும். அளவுக் கருவிகளில் வரும் பொத்தான் பேட்டரி இன்னும் கொடியது. லித்தியம் பேட்டரி ஒன்று உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும்.

என் பிள்ளைகளுக்கு மூன்று வயது நடந்தபோது, திரைச்சீலைக் கம்பி பொருத்துவதற்காக என் கணவர் ஏணியில் நின்றிருந்தார். நான் கீழே பிள்ளைகளோடு நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரசமட்டத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒருவன் ஏணியின் மூன்றாம் படியில் ஏறி, அப்பாவின் காலைப் பிடித்திருந்தான். மேலே அவர் இரண்டு கைகளாலும் ட்ரில்லைப் பிடித்திருந்தார். யாரும் விழவில்லை. ஆனாலும் அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பூச்சு வேலை செய்பவர்:
அலமாரியைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். சன்னலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். பழைய மரச் சன்னலில் அடியிலுள்ள பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் ஈயத்துக்கு அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரே மூலத்திலிருந்து பெரியவர்களைக் காட்டிலும் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்றும் சொல்கிறது. சன்னல் திறந்து மூடும்போது கட்டையும் கட்டையும் உரசிப் பொடி உதிரும். அது விழுவது தவழும் பிள்ளையின் கை படும் இடத்தில்.

முதலில் ஒரு பூச்சுச் செதிலை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஈயம் இருந்தால் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டியும் உரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி, கதவை மூடி, நுண்துகளைத் தடுக்கும் முகமூடி அணிந்து செய்யுங்கள். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. துடைப்பத்தால் பெருக்கினாலும் சாதாரண வேக்குவம் கிளீனரை ஓட்டினாலும் பொடி மறுபடி காற்றில் பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவியைப் பயன்படுத்துங்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்த நாட்களில் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கக் கூடாது. இதை முறையாகக் கற்ற ஒருவரிடம் ஒப்படைத்தால் இன்னும் நல்லது.

தச்சர் வீட்டுப் பிள்ளை:
சன்னலைப் பற்றிப் பெரியவர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். நான் சன்னலையும் மனதில் வைத்துத்தான் முதலில் எழுதினேன், அது தவறு.

ஆனால் சகோதரி, உங்கள் வீட்டில் நடந்ததற்குக் காரணம் ஏணியும் ட்ரில்லும் என்றே நினைக்கிறேன். மெஷின் ஓடும் வேலை தனியாக, கைக்கருவி வேலை தனியாக நடக்கட்டும். துளையிடுவதையும் அறுப்பதையும் பிள்ளை இல்லாத நேரத்தில் முடித்துவிடலாம். பெரியவர்களுக்கே 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அந்தச் சத்தத்தில் பிள்ளையை நிறுத்தச் சொல்லவில்லை. துளை போட்ட பலகையில் திருகாணியை வைத்துத் திருப்புளியால் நாலு சுற்றுச் சுற்றுவதையும், பெரியவர் பாதி இறக்கிய ஆணியைச் சிறு சுத்தியலால் அடிப்பதையும் நான்கு வயதுப் பிள்ளை செய்யும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள். திருகாணிகளை ஒரு குழிக்கு ஒன்றாகத் தட்டில் வைத்துவிட்டால், குறைந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும்.

அலமாரியை எல் ஆங்கிள் போட்டுச் சுவரோடு இறுக்குங்கள், கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். பிள்ளைகள் தட்டுகளைப் படிக்கட்டாக நினைத்து ஏறுவார்கள்.

இரட்டையரின் தாய்:
தட்டு யோசனை நல்லது. ஆனாலும் என் முதன்மையான மறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அப்பாவும் மகளும் சேர்ந்து வேலை செய்யும்போது சின்னவனை யார் பார்ப்பது? முடிந்த பிறகு தரையில் கையால் தடவித் தடவித் தேடுவது யார்? பெரும்பாலான வீடுகளில் அது ஒருவர் தலையிலேயே விழுகிறது. பிள்ளைக்கு நல்ல அனுபவம் என்று சொல்லப்படுவதன் விலையைக் கேட்காமலே ஒருவர் மீது ஏற்றிவிடுகிறோம். அலமாரி எங்கே நிற்க வேண்டும், எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். அதுவும் பங்குதானே?

தச்சர் வீட்டுப் பிள்ளை:
அடுக்குவது வேறு, செய்வது வேறு, சகோதரி. முடிந்த அலமாரியில் புத்தகம் அடுக்குவதை வீட்டுக்கு வந்த விருந்தினரும் செய்வார். ஆனால் யார் தலையில் சுமை விழுகிறது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் அம்மாவிடம் அதை யாரும் கேட்டதில்லை.

அலமாரி செய்பவர்:
அனைவருக்கும் நன்றி. இந்தப் பதிவுகளை மனைவியிடம் படித்துக் காட்டினேன். சகோதரி எழுதிய கடைசிப் பதிவை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். திருகாணி தொலைந்த இரவில் தேடியது இரண்டு பேர் என்று இங்கே எழுதினேன். உண்மையில் முதல் ஒரு மணி நேரம் அவர் மட்டுமே தேடினார். நான் பலகைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

சன்னலின் செதிலைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். முடிவு வரும்வரை அந்த அறையைப் பூட்டி வைத்து, பிள்ளைகளை எங்கள் அறையில் படுக்க வைக்கிறோம். துளைகளை நேற்று, இருவரும் வெளியே போயிருந்தபோது போட்டு முடித்தேன். இன்று மதியம் சின்னவன் தூங்கிய நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, மகள் ஆறு திருகாணிகளைத் திருகினாள். முதல் சுற்றுகளை அவள் சுற்ற, இறுக்கத்தை நான் முடித்தேன். முடிந்ததும் தட்டை எண்ணியதும் தரையைத் துடைத்ததும் நான்.

சுத்தியல் விஷயத்தில் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பின்பலகைக்கான 14 ஆணிகளை அதற்காகவே அடிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.