தாழ்வான ரயில் பாலத்தில் லாரி மோதுவதை எப்படித் தடுப்பது?

கேள்வி: அமெரிக்காவின் டர்ஹம் நகரில் கிரெக்சன் தெரு ரயில் பாலத்தில் எச்சரிக்கைப் பலகை, மின்னும் விளக்கு எல்லாம் இருந்தும் லாரிகளின் கூரை பிய்ந்துகொண்டே இருந்ததே. சாலையைத் தோண்டித் தாழ்த்தக் கூடாதா?

பதில்: முடியாது சார். சாலைக்குக் கொஞ்சம் கீழேயே கழிவுநீர்க் குழாய் போகிறது. அதனால் 2019-ல் பாலத்தை 8 அங்குலம் தூக்கினார்கள். 11 அடி 8 அங்குலமாக இருந்த உயரம் 12 அடி 4 அங்குலம் ஆனது. இன்னும் தூக்கினால் தண்டவாளச் சரிவும் பக்கத்து லெவல் கிராசிங்கும் ஒத்துவராது. அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை.

பதில்: 2016-ல் வைத்த சென்சார் ஏற்பாடு நல்ல யோசனை. உயரமான வண்டி வந்தால் சிக்னல் சிவப்பாகும், பக்கத்துத் தெருவில் திரும்பிவிடச் சொல்லிப் பலகை ஒளிரும். டிரைவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் சென்சாருக்கும் பாலத்துக்கும் நடுவில் திரும்ப ஒரு தெரு இருக்கணும், இல்லையென்றால் வீண். மஞ்சள் விளக்கில் விரட்டிப் போகிறவரை இதுவும் தடுக்காது. பாலத்துக்கு முன்னால் இருக்கும் இரும்பு உத்தரம் காப்பது தண்டவாளத்தைத்தான், லாரியை அல்ல.

பதில்: எந்த ஊர்ப் பாலமானாலும், பழைய தாரைச் சுரண்டாமல் மேலே 5 செ.மீ. போட்டால் பலகையில் எழுதிய உயரம் பொய்யாகிவிடும். பாலத்தடி பள்ளமாக இருந்தால் நீள டிரெய்லரின் நடுப்பகுதி தரையிலிருந்து கூடுதலாக எழும்பி நிற்கும். அதனால் முன் சக்கரம் நிற்கும் இடத்திலிருந்து பின் சக்கரம் நிற்கும் இடம் வரை கயிறு இழுத்து, அதிலிருந்து பாலத்தின் அடிவரை அளங்க. காலி வண்டி, பாரம் ஏற்றியதைவிட உயரம் என்பதையும் கணக்கில் எடுங்க.